செங்கம் சாலையில் ஒரு வலத் திருப்பம்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். கோயிலில் கிளம்பி, தெற்கே இறங்கி, மேற்கே போய், வடக்கால் சுற்றித் திரும்பக் கோயிலுக்கு வந்து சேரும்வரை மலை நம் வலப்பக்கத்திலேயே இருக்கும். நடந்து போகிறவருக்கு இதனால் ஒரு சிரமமும் இல்லை. சைக்கிளில் போகிறவருக்கு உண்டு. வண்டிகள் இடப்பக்கமாக ஓடும் நாட்டில், ஊரைவிட்டு வெளியே போகும் சாலையிலிருந்து மலையோரப் பாதைக்குள் நுழைய அவர் வலப்பக்கம் திரும்பியாக வேண்டும். எதிரே வரும் வண்டிகளின் வழியைக் குறுக்கே கடக்காமல் அந்தத் திருப்பம் இல்லை.

அப்படிப்பட்ட திருப்பம் ஒன்று ரமணாசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் இருக்கிறது. செங்கம் சாலை நேரே செங்கம், கிருஷ்ணகிரி, பெங்களூரு என்று போய்விடும். கிரிவலப் பாதை அங்கே வலப்புறம் பிரியும். ஆசிரமத்துக்குள் போவதும் இதே கணக்குதான். ஆசிரமம் மலையடிவாரத்தில், சாலைக்கு வடக்கே இருப்பதால், ஊரிலிருந்து வருகிறவர் வலப்புறம் திரும்பித்தான் வாசலை அடைய வேண்டும். 1922க்குப் பிறகு இங்கே ஆசிரமம் உருவானபோது இந்தச் சாலையில் மாட்டுவண்டிதான் பெரிய வண்டி. இன்று வெளியூர்ப் பேருந்து, லாரி, ஆட்டோ, டூரிஸ்ட் வேன், பால் வண்டி, வாடகை ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே தார்ச்சாலை. இவற்றோடு வெறுங்காலில் நடக்கும் பக்தர்கள், படுத்திருக்கும் மாடு, மதில் தாண்டும் குரங்கு. பௌர்ணமி, தீபத் திருநாள்களில் கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மற்ற நாள்களில் எல்லாரும் சேர்ந்துதான் போகிறோம்.

இந்தக் கூட்டத்தில் சைக்கிள்காரருக்கு ஊரே சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: ‘ஓரமாப் போப்பா.’ அன்போடு சொல்வதுதான். ஆனால் அறிவியல் இந்தப் புத்திமதியைப் பாதிதான் ஏற்கிறது. இடப்பக்கமாகப் போக வேண்டும், சரி. தாரின் கடைசி விளிம்பில் போகக் கூடாது. ஏன் கூடாது என்பதற்கு, சைக்கிள் எப்படி விழாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுழலும் சக்கரங்கள் பம்பரம்போல வண்டியை நிமிர்த்திப் பிடிக்கின்றன என்றுதான் பள்ளிக்கூடத்தில் பலரும் கேட்டிருப்போம். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்திப் பம்பர விளைவை ஒழித்துப் பார்த்தார். அந்த சைக்கிளையும் அவரால் ஓட்ட முடிந்தது. 2011இல் டச்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, பம்பர விளைவோ வழக்கமான முன்கவை அமைப்போ இல்லாமல் ஆளின்றித் தானே நிமிர்ந்து ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். நிலையாக ஓடும் சைக்கிள்களில் பொதுவாகக் காணப்படுவது ஒரு செயல்தான்: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரம் திரும்புகிறது. திரும்பியதும் சக்கரங்கள் மறுபடி உடம்பின் எடைக்குக் கீழே வந்துவிடுகின்றன. உள்ளங்கையில் நீளக் குச்சியை நிறுத்தும் பிள்ளை, குச்சி சாயும் பக்கம் கையை நகர்த்திக்கொண்டே இருப்பதைப் போல. ஆக, நேராகப் போவதாகத் தோன்றும் சைக்கிள் உண்மையில் இடமும் வலமுமாக ஓயாமல் நெளிகிறது. வேகம் குறையக் குறைய அந்த நெளிவு அகலமாகும். கேரியரில் அரிசி மூட்டையோ தண்ணீர்க் குடமோ இருந்தால் இன்னும் அகலமாகும்.

இப்போது ஓரத்துக்கு வாருங்கள். தாருக்கும் மண்ணுக்கும் இடையில் பல இடங்களில் நாலு விரல் உயரத்துக்குப் படி விழுந்திருக்கும். முன்சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது, வண்டி லேசாக வலப்பக்கம் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாய்வைச் சரிசெய்ய முன்சக்கரம் வலப்புறம் திரும்ப வேண்டும். தாரின் விளிம்பு டயரின் பக்கச் சுவரில் உரசி அதைத் திரும்பவிடாது. சைக்கிளுக்கு நிமிரத் தெரிந்த ஒரே வழி அடைபட்டதால் ஆள் விழுவார். அதுவும் வலப்பக்கம், பின்னால் வரும் பேருந்தின் வழியில் விழுவார். பாதுகாப்பு தேடி ஓரத்துக்குப் போனவரை அந்த ஓரமே நடுச்சாலைக்குத் தள்ளிவிடுகிறது. அதனால் விளிம்பிலிருந்து ஒரு கை நீளமாவது உள்ளே தள்ளி ஓட்டுங்கள். அந்த இடைவெளி உங்கள் நெளிவுக்கு உரிய இடம். நின்றிருக்கும் கார்களை அதைவிடவும் அதிகம் விலகிக் கடக்க வேண்டும்; திடீரெனத் திறக்கும் கார்க் கதவு ஒரு மீட்டர்வரை வெளியே நீளும்.

உள்ளே தள்ளி ஓட்டினால் பின்னால் வருகிறவருக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டிவரும்: வேகத்தைக் குறைத்துக் காத்திருக்கலாம், அல்லது முழுதாக விலகிப் போகலாம். விளிம்பில் போகும் சைக்கிளை அவர் விலகாமலே உரசிக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பார். பெரிய பேருந்து நெருங்கிக் கடக்கும்போது, அதன் முகப்பு தள்ளும் காற்று முதலில் சைக்கிளை வெளியே தள்ளும். நடுப்பகுதி கடக்கையில் காற்றழுத்தம் குறைந்து உள்ளே இழுக்கும். இந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. பேருந்தின் வேகம் இரட்டித்தால் தள்ளல் நாலு மடங்கு. ஜெர்மனி 2020இல் தன் சாலை விதிகளில் எண்ணாகவே எழுதிவிட்டது: சைக்கிளைக் கடக்கும் மோட்டார் வண்டி ஊருக்குள் 1.5 மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும். இப்படி ஓர் எண் நம் ஓட்டுநர்களுக்கும் வேண்டும் என்பது என் கருத்து. ‘போதிய இடைவெளி’ என்று சொன்னால் அவரவர் மனசுக்குப் பட்டதுதான் போதிய இடைவெளி.

ஆசிரம வாசலில் இன்னொரு பழக்கத்தைப் பார்க்கலாம். வெளியே வந்து மேற்கே போக வேண்டியவர்கள் சாலையைக் கடக்காமல் வலப்பக்க ஓரமாகவே, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ராங் சைடில் மிதித்துப் போகிறார்கள். ‘எதிரே வருவது கண்ணுக்குத் தெரியுமே’ என்பது அவர்கள் நியாயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சைக்கிள் 15, பேருந்து 50 கிலோமீட்டர் வேகம். ஒரே திசை என்றால் நெருங்கும் வேகம் 35. எதிரெதிர் என்றால் 65. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கம் என்பதால் வித்தியாசம் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. விலகிக்கொள்ளக் கிடைக்கும் நேரமும் பாதியாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய ஆபத்து சந்துகளின் வாயில் இருக்கிறது. சந்திலிருந்து இடப்புறம் திரும்பிச் சாலைக்கு வரும் ஆட்டோக்காரர் வலப்பக்கம்தான் பார்ப்பார். வண்டி அங்கிருந்துதான் வரவேண்டும். ராங் சைடு சைக்கிள் அவருடைய இடப்பக்கத்திலிருந்து வருகிறது. அவர் எதிர்பார்க்காத திசை அது. எதிர்பார்க்காததைக் கண் தவறவிடும்.

ரமண நகரிலும் பெரும்பாக்கம் சாலையிலும் தங்கி வாடகை சைக்கிளில் சுற்றும் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு இந்த எதிர்பார்ப்பே தலைகீழ். வலப்பக்கமாக ஓட்டும் நாடுகளில் வளர்ந்தவர்கள் சாலையில் இறங்கும்முன் முதலில் இடப்பக்கம் பார்ப்பார்கள். அது சிந்தித்துச் செய்வது இல்லை, கழுத்தில் ஊறிய பழக்கம். பிரேக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு, இடக்கைப் பிரேக் பின்சக்கரத்துக்கு. வலக்கையை நீட்டிச் சைகை காட்டும்போதும் பின்பிரேக் கைவசம் இருக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இது மாறியிருக்கும். வாடகைக்குக் கொடுக்கிறவர் சாவியோடு இந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

பிரேக் பிடிக்கும்போது நடப்பது இது. வண்டி வேகம் குறையும்போது உடம்பின் எடை முன்னால் சாய்ந்து முன்சக்கரத்தை அழுத்துகிறது, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. இலேசான சக்கரத்துக்குத் தரையில் பிடிமானம் குறைவு. பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் காய்ந்த தாரில் நொடிக்கு நொடி 2.5 மீட்டர் அளவுக்குத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அது ஏறக்குறைய இரட்டிக்கும். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் பின்பிரேக்கால் மட்டும் நிற்க 6 மீட்டருக்கு மேல் ஓடும். இரண்டாலும் என்றால் 3 மீட்டர் போதும். குறுக்கே வரும் ஒரு குழந்தைக்கும் உங்களுக்கும் நடுவில் இந்த 3 மீட்டர் இருக்கலாம். முன்பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் தலைகுப்புறப் போட்டுவிடும் என்ற பயம் நியாயமானது. அதனால் இரண்டையும் சேர்த்து, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, உடம்பைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கப் பழக வேண்டும். மழைநாளில் கணக்கே வேறு. இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிடிக்கும் பழைய சைக்கிள்கள் நனைந்துவிட்டால் பிரேக் பெயருக்குத்தான். கட்டை ரிம்மின் ஈரத்தைத் துடைத்து எடுத்த பிறகே பிடிப்பு வரும். கார்த்திகை மழையில் பழைய சைக்கிளில் போகிறவர், வேகத்தடை வருவதற்கு வெகு முன்பே பிரேக்கை மெல்ல உரசவிட்டு ரிம்மைக் காயவைத்துக்கொள்வது நல்லது.

இனி அந்த வலத் திருப்பம். சாலையின் இடப்பக்கம் போகிறவர் வலப்புறம் திரும்ப முறையான வழி ஒன்று உண்டு: வெகு முன்பே திரும்பிப் பார்த்து, வலக்கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, பின்னால் வருகிறவர் இடம்விட்டதை உறுதிசெய்துகொண்டு, மெல்ல நடுக்கோட்டுக்கு நகர்ந்து, அங்கே எதிர்வண்டிகள் கடக்கும்வரை காத்திருந்து திரும்புவது. சட்டம் மோட்டார் வண்டிக்காரர்களிடம் எதிர்பார்ப்பதும் இதையே. சைக்கிளில் இதைச் செய்யும்போது ஒரு சிக்கல்: தலையை வலப்புறம் திருப்பினால் தோள் திரும்பும், தோளோடு ஹேண்டில்பாரும் திரும்பும், வண்டி பார்க்கும் திசைக்கே ஓடும். ஆளில்லாத மைதானத்தில், கோட்டின்மேல் நேராக ஓட்டிக்கொண்டே பின்னால் பார்க்கப் பழகியவர்தான் சாலையில் இதைச் செய்யலாம்.

எதிரே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருந்தால் கடக்கலாம் என்பது அடுத்த கேள்வி. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் சைக்கிள், தன் நீளத்தையும் சேர்த்து 12 மீட்டர் நகர்ந்து 10 மீட்டர் அகலச் சாலையைக் கடக்கச் சுமார் 5 நொடி ஆகும். 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த 5 நொடியில் 83 மீட்டர் வந்துவிடும். ஆக, 100 மீட்டருக்குள் ஒன்றும் இல்லை என்றால்தான் கிளம்பலாம். இங்கே நம் கண் ஒரு தவறு செய்கிறது. ஒரு பொருள் நம்மை நோக்கி வரும்போது, அதன் உருவம் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் எப்போது வந்து சேரும் என்று மூளை கணிக்கிறது. இரண்டரை மீட்டர் அகலப் பேருந்தின் உருவம் கண்ணில் மளமளவென்று வளரும். ஒல்லியான மோட்டார் சைக்கிள் அதே வேகத்தில் அதே தூரத்தில் வந்தாலும் வெகுநேரம் ஒரு புள்ளியாகவே நிற்கும், கடைசி நொடிகளில்தான் விசுவரூபம் எடுக்கும். பெரியது முதலில் வரும், சிறியது தாமதமாக வரும் என்று மூளை முடிவுகட்டிவிடும். அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா டிலூசியா 1991இல் இந்த மயக்கத்தைச் சோதனைகளில் காட்டினார். பேருந்துக்குப் பயந்து நிற்கிறவர் பைக்குக்கு முன்னால் பாய்வது இதனால்தான். சைக்கிளைப் பார்க்கும் பேருந்து ஓட்டுநருக்கும் இதே மயக்கம் உண்டு.

அதனால் செங்கம் சாலைத் திருப்பத்தில் நான் பரிந்துரைப்பது இரண்டு கட்டத் திருப்பம். திருப்பத்தைத் தாண்டி இடப்பக்கமாகவே நேரே போய், சாலையைவிட்டு இறங்கி நின்று, வண்டியைத் திருப்பி, இருபுறமும் பார்த்து, சந்து விழும்போது நடப்பவரைப்போல நேர்குறுக்காகக் கடப்பது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கூடுதலாகும். உலகத்தில் அதிகமாக சைக்கிள் ஓட்டும் நாடுகளில் ஒன்றான டென்மார்க்கில் எதிர்வண்டிகளைக் குறுக்கிடும் திருப்பத்தை இப்படி இரண்டு கட்டமாகத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. அங்கே அதைக் கோழைத்தனம் என்று யாரும் நினைப்பதில்லை.

கிரிவலத்துக்கு என்று இன்னொரு வழக்கம் இருக்கிறது. மலையோரமான வலப்பக்கத்தில் சித்தர்களும் தேவர்களும் வலம் வருகிறார்கள், மனிதர்கள் இடப்பக்கமாக நடக்க வேண்டும் என்பது நம்பிக்கை. அதன்படி நடக்கிறவரின் முதுகுப்பக்கம் வண்டி வருகிறது. வெறுங்காலில், ஜபத்தில் இருக்கிறவர் திரும்பிப் பார்க்கமாட்டார். சைக்கிள்காரரும் அதே இடப்பக்கத்தில். பேருந்திடம் நாம் எதிர்பார்க்கும் மரியாதையை நடக்கிறவரிடம் நாம் காட்ட வேண்டிய இடம் இது. தூரத்திலேயே ஒருமுறை மணியடித்து, வேகத்தைக் குறைத்து, ஒரு மீட்டர் விலகிப் போக வேண்டும். நெருக்கத்தில் அடிக்கும் மணி ஆளைத் திடுக்கிட வைத்து வண்டிக்குக் குறுக்கே துள்ளச் செய்யும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள்.

பலர் அதிகாலை இருட்டிலும் அந்தி சாய்ந்த பிறகும்தான் மலை சுற்றுகிறார்கள். வெளிச்சம் குறையும்போது கண்ணில் கூம்பு செல்கள் ஓய்ந்து கோல் செல்கள் வேலையைப் பொறுப்பேற்கின்றன. கோல் செல்களுக்குச் சிவப்பு ஒளி அநேகமாகத் தெரியாது. பகலில் பளிச்சென்றிருந்த சிவப்பும் காவியும் அந்தியில் கருத்துப்போக, பச்சையும் நீலமும் வெளிறித் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் விஞ்ஞானி புர்கின்யே இதைப் பூக்களில் கவனித்து எழுதினார். நண்பகலில் அரை மைல் தூரத்திலிருந்து தெரியும் காவி வேட்டி, விளக்கில்லாத அந்தியில் அடிஅண்ணாமலைப் பக்கத்து மரநிழலோடு கலந்துவிடும். வெள்ளை வேட்டிக்கு அந்த ஆபத்து குறைவு. சைக்கிளில் போகும் சாது என்றால் காவிக்கு மேல் ஒரு வெள்ளைத் துண்டாவது குறுக்கே போட்டுக்கொள்ளலாம்.

துணியைவிடப் பல மடங்கு வேலை செய்வது ரிஃப்ளெக்டர். வெள்ளைத் துணி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. கண்ணாடி வேறெங்கோ அனுப்புகிறது. ரிஃப்ளெக்டருக்குள் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட நுண்ணிய மூலைகள் வரிசையாக இருக்கின்றன. எந்தக் கோணத்தில் ஒளி நுழைந்தாலும் மூன்று முகங்களிலும் பட்டு வந்த வழியே திரும்பிப் போகும். லாரியின் விளக்கு அனுப்பிய ஒளி லாரி ஓட்டுநரின் கண்ணுக்கே வரும். 1969இல் அப்போலோ 11 நிலவில் வைத்துவிட்டு வந்த கருவியும் இதே மூலைகள்தான். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் இன்றும் அதில் பட்டுத் திரும்புகிறது. பின்சிவப்பு ரிஃப்ளெக்டரில் சேறு படிந்தால் இந்த அற்புதம் அத்தனையும் வீண். துடைக்க ஒரு கந்தைத் துணி போதும்.

பெடலில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டரைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. எறியாதீர்கள். 1973இல் சுவீடனின் குன்னார் யோஹான்சன், இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் சிறு விளக்குகளைப் பொருத்தி நடக்கவிட்டார். புள்ளிகள் மட்டுமே தெரிந்தும் பார்த்தவர்கள் கணத்தில் ‘மனிதர்’ என்று சொன்னார்கள். உயிரசைவை அடையாளம் காண மூளைக்குத் தனித்திறன் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், பிரதிபலிக்கும் மேலுடை மட்டும் அணிந்த சைக்கிள்காரர்களை ஓட்டுநர்கள் இரவில் பாதிப்பேரைத்தான் அடையாளம் கண்டார்கள். கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை சேர்த்ததும் அது நூற்றுக்கு 90 ஆனது. நிலையான ஒரு புள்ளி மைல்கல்லாக இருக்கலாம். மேலும் கீழும் போகும் இரண்டு புள்ளிகள் மிதிக்கும் கால்களாகத்தான் இருக்க முடியும். ஆனாலும் ரிஃப்ளெக்டர், வண்டியின் விளக்கு தன்மேல் விழுந்தால்தான் ஒளிரும். பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கு நீங்கள் தெரிய, முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். டைனமோ இல்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்திய காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கண்டிப்பில் நல்ல காரணம் இருந்தது.

இன்று சட்டம் என்ன சொல்கிறது? சைக்கிளுக்கு லைசென்ஸும் பதிவெண்ணும் வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் அது மோட்டார் வாகனம் ஆகாது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட மின்சைக்கிளும் இதே வரிசை. ஹெல்மெட் கட்டாயமும் மோட்டார் சைக்கிளுக்குத்தான். சைக்கிள் ஹெல்மெட்டின் ஐரோப்பியத் தரச்சோதனை அதை ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழவைத்துப் பார்ப்பது. சைக்கிளிலிருந்து தலை விழும் உயரமும் அதுவே என்பதால், கட்டாயம் இல்லாவிட்டாலும் போடுங்கள். லைசென்ஸ் இல்லை என்பதற்காகப் பொறுப்பு இல்லாமல் போகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பொதுவழியில் எந்த வண்டியையும் உயிருக்கு ஆபத்தாகும்படி ஓட்டினால் ஆறு மாதம்வரை சிறை அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம் என்கிறது, சைக்கிளும் வண்டிதான். மோட்டார் வண்டி மோதிக் காயம்பட்டால் சைக்கிள்காரர் இழப்பீடு கோரலாம். ராங் சைடில் வந்தது நிரூபணமானால் அந்தத் தொகை குறையும். மோதிவிட்டு ஓடிய வண்டி அகப்படாவிட்டாலும், 2022 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. இதை அறியாமல் விட்டுவிடும் குடும்பங்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

சைக்கிளுக்கென்று தனி விதிகள் வருவதற்கும் வழி திறந்திருக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 138(1ஏ) பிரிவு, மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குக் கொடுத்தது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபரில் நீதிமன்றம் அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உடைந்த எலும்புகளை ஒட்டவைக்கும் மருத்துவர் ஒருவர், எலும்புகள் உடையும் இடத்தைத் தேடி நீதிமன்றம்வரை போனதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த விதிகளில் ஓர் எண் இருந்தால் ரமணாசிரமப் பகுதிக்கு உடனே பயன்படும். 2020 பிப்ரவரியில் பல நாடுகள் கூடி வெளியிட்ட ஸ்டாக்ஹோம் பிரகடனம், நடப்பவர்களும் சைக்கிள்களும் மோட்டார் வண்டிகளோடு கலக்கும் இடங்களில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் நிறுத்தச் சொல்கிறது. 60இல் மோதும் வண்டியின் ஆற்றலில் கால்பங்குதான் 30இல். நாம் மேலே பார்த்த வலத் திருப்பத்தில், கடக்கத் தேவைப்பட்ட 83 மீட்டர் இடைவெளி 42 மீட்டராகச் சுருங்கும். கிரிவலப் பாதை பிரியும் இடத்திலிருந்து ஊர்வரை அந்த வேகத்தில் வரும் பேருந்துக்குக் கூடுதலாக ஆவது மூன்று நான்கு நிமிடம்.